குன்றின் மேல் நாலு பேட்டரி

பூட்டு உடையவில்லை. கதவில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே ரிப்பீட்டர் மின்சாரத்தில், பச்சை விளக்கோடு சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே இருக்க வேண்டிய நாலு பேட்டரிகளைத்தான் காணோம்.

ஞாயிறு, பகல் பன்னிரண்டு மணி. குன்றின் மேலிருந்த அந்தக் கொட்டகையை, சங்க உறுப்பினரான பல் டாக்டரம்மா தன் சாவியால் திறந்தார். கூடப் போன ஹாம் ரேடியோ சங்கத் தலைவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மறுநாள் புயல் என்று அறிவிப்பு. புயல் வந்தால் முதலில் கைபேசி படுக்கும், அடுத்து மின்சாரம். அதன் பிறகு ஏரிக்கு அக்கரையில் இருப்பவர்களின் குரலை வாங்கி இக்கரைக்கு எறிய இந்த ரிப்பீட்டரை விட்டால் நாதியில்லை. பேட்டரி இல்லாவிட்டால் அதுவும் வெறும் தகரப் பெட்டி.

பிற்பகல் மூன்று மணி. சங்க அறையில் பெண் இன்ஸ்பெக்டர் வந்து உட்கார்ந்தார். அவருக்கு ரேடியோ தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளவும் தெரியாது. துப்பறிகிறவருக்கு இதைவிட நல்ல குணம் வேறில்லை.

"சாவி எத்தனை?"

"ரெண்டு மேடம். ஒண்ணு டாக்டரம்மாகிட்ட. இன்னொண்ணு செயலாளர்கிட்ட," என்றார் தலைவர்.

"எப்ப திருடினாங்கன்னு தெரியுமா?"

"பேட்டரி கழண்டா ரிப்பீட்டர் பீப்னு ஒரு சத்தம் போடும். காலைல பத்தேகாலுக்குப் போட்டுச்சு. ஞாயித்துக்கிழமை எல்லாரும் ரேடியோல வந்து ஆஜர் சொல்ற நேரம் அது. நான் பதிவு பண்ணி வச்சிருக்கேன்."

இன்ஸ்பெக்டர் டாக்டரம்மாவிடம் திரும்பினார். "நீங்க அப்ப எங்க இருந்தீங்க?"

"வீட்ல. தூங்கிட்டிருந்தேன்."

"பார்த்தவங்க யாராவது?"

"சாட்சி வச்சுக்கிட்டா தூங்குவாங்க?"

செயலாளர் தொண்டையைச் செருமினார். அச்சகம் நடத்துபவர், அன்று காலை அக்கரையில், மகள் வீட்டில் இருந்ததாகச் சொன்னவர். "சொல்லவே கஷ்டமா இருக்கு மேடம். போன வாரம் இவங்க ஸ்க்வெல்ச்சைச் சரிபண்றேன்னு புது சர்க்யூட் பலகை ஒண்ணை மாட்டினாங்க. அதுலேருந்து கோளாறு. சிலர் பேசி முடிச்சா பின்னாலயே கர்ர்னு இரையுது. சிலர் முடிச்சா ஒண்ணுமில்ல. பலகையக் கழட்டுங்க, சாவியக் குடுங்கன்னு கமிட்டில தீர்மானம் போட்டோம். அந்த ஆத்திரத்துல..."

"கழட்ட மாட்டேன். சாவியும் தர மாட்டேன்," என்றார் டாக்டரம்மா. "அந்தப் பலகை எதுக்குன்னு அன்னைக்கே விளக்க வந்தேன். நீங்க காது குடுக்காம போனத் தூக்கிக்கிட்டு வெளிய போய்ட்டீங்க."

"டாக்டரம்மா ஓட்டுறது ஸ்கூட்டர். நாலு பேட்டரிய எப்படிக் கொண்டு போயிருப்பாங்க?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"நாலு நடை போயிருப்பாங்க," என்றார் செயலாளர்.

"ஸ்க்வெல்ச்னா என்ன?"

"யாரும் பேசாதப்ப ரேடியோ சும்மா இரையும். அந்த இரைச்சலை அடைச்சு வைக்கிற கதவு அது," என்றார் டாக்டரம்மா. "ஆள் பேசினா திறக்கும், முடிச்சா மூடும். பழைய கதவு, திணறி வர்ற குரலைப் பாதியிலேயே அறுத்துடும். போன புயல்ல அக்கரை நர்ஸ் படகு கேட்டாங்க, பிரசவ கேஸ். நமக்கு 'படகு'ங்கிற வரைக்கும்தான் கேட்டுச்சு. எங்கன்னு கேக்கல. அந்தக் குழந்தை தங்கல. அதுக்கப்புறம்தான் நான் இந்தப் பலகையச் செய்ய உட்கார்ந்தேன்."

"கதை கேக்கவா வந்தாங்க?" என்றார் செயலாளர்.

"பதிவைப் போடுங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

தலைவர் போட்டார். முதலில் பக்கத்துத் தெரு பேக்கரிக்காரர். குரல் தெளிவு, முடித்ததும் கப்சிப். அடுத்து அக்கரை நர்ஸ். இரைச்சலுக்குள் குரல், முடித்ததும் ஒரு கர்ர். பிறகு பீப். சற்றுக் கழித்துச் செயலாளர்: "மக வீட்லேருந்து பேசறேன், சிக்னல் ரொம்ப மோசம்." குரல் இரைச்சலில் முங்கி எழுந்தது. முடித்ததும் கப்சிப். கடைசியில் அக்கரைப் படகுக்காரர், இரைச்சல், கர்ர்.

"அங்கேருந்து குன்றுக்கு வர ஒரு மணி நேரமாவது ஆகும்," என்றார் செயலாளர்.

இன்ஸ்பெக்டர் அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். "டாக்டர், இந்தக் கர்ர் யாருக்கு வரும்?"

டாக்டரம்மா பதில் சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நின்றார். பிறகு சிரித்தார்.

"பக்கத்துலேருந்து பலமா வர்ற ஆள் முடிச்சா என் பலகை பட்டுனு கதவை மூடும். தூரத்துலேருந்து மெலிசா வர்ற ஆளுக்கு மட்டும், அறுந்துடக் கூடாதுன்னு கொஞ்சம் காத்திருந்து மூடும். அந்தக் காத்திருப்புதான் கர்ர்."

"அப்ப அக்கரைல இருந்த எல்லாருக்கும் கர்ர் வந்திருக்கணும்."

"என் குரல்ல இரைச்சல் இருந்துச்சே! நீங்களே கேட்டீங்களே!" என்று எழுந்தார் செயலாளர்.

டாக்டரம்மா இரண்டு கை ரேடியோக்களை எடுத்தார். ஒன்றை இரையவிட்டு இன்னொன்றின் மைக்கோடு ஒட்டிப் பிடித்துப் பேசினார். அறையின் ஒலிபெருக்கியில் அவர் குரல் எங்கோ தொலைவிலிருந்து வருவதுபோல் திணறி வந்தது. பொத்தானை விட்டார். கப்சிப்.

"காதை ஏமாத்தலாம் சார். பலகைய முடியாது. அது அளக்கறது உங்க குரலை இல்ல, வர்ற அலையோட பலத்தை."

இன்ஸ்பெக்டர் செயலாளரைப் பார்த்தார். "நீங்க அக்கரைல இல்ல. கொட்டகை வாசல்ல நின்னு பேசினீங்க. உங்க அச்சக வேன் பக்கத்துலயே நின்னிருக்கும். பழைய ஸ்க்வெல்ச்சா இருந்தா எல்லாருக்கும் ஒரே மாதிரி மூடியிருக்கும், தப்பிச்சிருப்பீங்க. டாக்டர் விளக்கினப்ப உட்கார்ந்து கேட்டிருந்தாலும் தப்பிச்சிருப்பீங்க."

"இருபது வருஷமா அந்தப் பெட்டியப் பார்த்துக்கிட்டவன் நான்!" என்று கத்தினார் செயலாளர். "நேத்து வந்தவ திறந்து மாத்துவா, நான் கை கட்டி நிக்கணுமா? பழி விழுந்தா தானா ஓடிடுவான்னு நினைச்சேன்."

"நான் ஓடுற ஜாதி இல்ல," என்றார் டாக்டரம்மா.

அச்சகக் கிடங்கில், காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் நாலு பேட்டரிகளும் கிடைத்தன. அன்று மாலையே அவை குன்றுக்குத் திரும்பின.

திங்கள், மாலை. காற்று ஜன்னல்களை அடித்தது. விளக்குகள் அணைந்தன. சங்க அறையில் தலைவர் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு அறிவிப்புப் பலகைப் பக்கம் போனார்.

"டாக்டரம்மா, கமிட்டி சார்பா மன்னிப்பு. அந்தத் தீர்மானத்தைக் கிழிச்சுடறேன்."

"கிழிக்காதீங்க. ஒட்டினது ஒட்டினபடி இருக்கட்டும். வர்றவங்க போறவங்க படிக்கட்டும்."

ஒலிபெருக்கி திறந்தது. இரைச்சலுக்குள் நர்ஸின் குரல் விட்டு விட்டு வந்தது. "படகு வேணும்... பிரசவ வலி... பழைய படகுத்துறை, ஆலமரத்துப் பக்கம்..." பின்னாலேயே நீளமாக ஒரு கர்ர்.

டாக்டரம்மா மைக்கை எடுத்தார். "முழுசாக் கேட்டுச்சும்மா. படகு வருது."