சின்னம்மையும் இருபத்தெட்டு நாளும்

"ஜன்னலை மூடுங்க. மழை என் மடியில பெய்யுது."

"மாட்டேன்… எனக்குக் காத்து வேணும்." முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்களாலேயே முறைத்தாள் ஜெரோடிச்.

கப்சபெட்டிலிருந்து எல்டோரெட் நகருக்குப் போகும் மட்டாட்டு, ஆள் ஏற்றிப் போகும் வாடகை வேன். நல்ல கூட்டம். பக்கத்தில் நனைந்துகொண்டிருந்தவன் கிப்ருட்டோ, மழலையர் பள்ளி வாத்தியார். என்ன நினைத்தானோ, சிரித்துவிட்டு முர்சிக் பாட்டிலை நீட்டினான்.

"புளிச்ச பால் எனக்கு ஆகாது."

"கலெஞ்சின் இனத்துப் பொண்ணுக்கு முர்சிக் ஆகாதா? வெளியில சொல்லிடாதீங்க, கல்யாணம் நடக்காது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் கிபேட் கொடுத்த சிறுநீரகத்தோடு எட்டு மாதமாக வாழ்வதையும், எல்டோரெட் ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்குப் போவதையும் சொன்னாள். அதைக் காக்கிற மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதால் சின்னக் கிருமிகூடத் தன்னைச் சாய்த்துவிடும் என்பதையும்.

அவன் கை நீட்டி ஜன்னலை இன்னும் அகலத் திறந்தான். முகக்கவசத்துக்கு மேலே அவளுடைய அந்தக் கண்கள்… இறங்கும்போது பெயரை மட்டும் கேட்டுக்கொண்டான்.

மறுநாள் காலை அவன் மார்பெல்லாம் நீர்க்கொப்புளங்கள். சின்னம்மை.

உடனே அவள் சொன்ன ஆஸ்பத்திரியின் சிறுநீரக வார்டுக்கு ஃபோன் போட்டான். "நேத்து ஜெரோடிச்னு ஒருத்தங்க, ஒரு மணி நேரம் என் பக்கத்துல உட்கார்ந்திருந்தாங்க… சீக்கிரம் கூப்பிடுங்க சிஸ்டர்."

மதியத்துக்குள் அவளுக்கு அம்மை வராமல் தடுக்கும் ஊசி போட்டார்கள். அதன் பிறகும் வரலாம், இருபத்தெட்டு நாள் கவனமாக இருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

கிபேட் கொதித்தான். "ஒரு வாத்தியார் இளிச்சதுக்குத் தொலைக்கவா என் உடம்பை அறுத்துக் கொடுத்தேன்? இனி அவன் பேச்சே வேண்டாம்."

ஆனாலும் வார்டில் கிப்ருட்டோ விட்டிருந்த எண்ணை வாங்கி அழைத்தாள் ஜெரோடிச். "திட்டத்தான் கூப்பிட்டேன்."

"திட்டுங்க… சொறியாம இருக்க எனக்கும் ஒரு வேலை வேணும்."

அப்புறம் தினமும் பேசினார்கள்.

இருபத்தெட்டாம் நாளும் கழிந்தது. அவள் உடம்பில் ஒரு புள்ளியும் இல்லை. மறுநாள் மாலை, தூறலில், அவர்கள் வீட்டு வாசலுக்கு வெளியே எட்டி நின்றான் கிப்ருட்டோ. கிபேட் வழிமறித்தான்.

"அண்ணே," என்றாள் ஜெரோடிச். "அவர் வாயை மூடிட்டு இருந்திருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்? நீ கொடுத்ததை அவரும்தான் காப்பாத்தினார்."

கிபேட் கிப்ருட்டோவை மேலும் கீழும் பார்த்தான். "பொருக்கெல்லாம் உதிர்ந்துடுச்சா?"

"பத்து நாளாச்சுண்ணே," என்றான் கிப்ருட்டோ.

கிபேட் ஒதுங்கி உள்ளே போனான்.

"தினமும் காலையில உடம்புல கொப்புளம் வந்திருக்கான்னு பார்ப்பேன்," என்றாள் அவள் மெல்ல. "அதுக்கு முன்னாடி… நீங்க கூப்பிட்டீங்களான்னு பார்ப்பேன்."

அவன் நின்ற இடத்திலேயே தலைகுனிந்தான். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, ஜெரோடிச். தூரத்துல நின்னே சொல்லிடறேன்."

"காதுல விழல… கிட்ட வந்து சொல்லுங்க."