குடையைப் பார்க்கிற வரைக்கும்

பெட்டியைத் திறந்ததும் லிலியானின் கண்ணில் முதலில் பட்டது அந்த ஈரம்தான். வழிகாட்டியான அவள் பேசுவதைச் சுற்றுலாக்காரர்கள் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிற சின்னக் கருவிகள் வரிசையாகப் படுத்திருக்க, ஓரத்தில் ஒன்று மட்டும் அப்போதுதான் ஏரியிலிருந்து எடுத்ததுபோல் சொட்டிக்கொண்டிருந்தது. தொட்டாள். விரல் மரத்துப்போகிற குளிர். பெட்டி ராத்திரி முழுக்க அவள் வீட்டில், வெந்நீர்க் குழாய்க்குப் பக்கத்தில்தான் இருந்தது. மூடி சரியில்லை போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டாளே தவிர, அதைத் துடைக்கவும் இல்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை.

பிரான்ஸின் அல்சாஸிலிருந்து வந்திருந்த பாட்டுக்குழு ஜெனீவாவின் பூக்கடிகாரத்தின் முன்னால் கம்பளிக் குல்லாய்களோடு கூடியிருந்தது. எல்லாரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். குழுவின் வாயாடி முசியே கெல்லர், அந்தக் காலத்தில் இறைச்சிக்கடை வைத்திருந்தவர்.

"ஏம்மா, பூக்கடிகாரம்னு சொன்னாங்க, பூவையே காணோமே?"

"ஜனவரியில வந்துட்டுப் பூ கேட்டா எப்படிங்க? கடிகாரம் ஓடுதுல்ல, அதைப் பாருங்க."

"மணி பாக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்? அதான் என் பொண்டாட்டி நிமிஷத்துக்கொரு தரம் சொல்றாளே!"

அவருடைய மனைவி ஒதில் அவர் தோளில் ஒன்று வைத்தாள். எல்லாரும் சிரித்தார்கள். லிலியானும் சிரித்துவிட்டு, சிவப்புக் குடையைத் தலைக்கு மேலே தூக்கி, வருஷக்கணக்காகச் சொல்லிவந்ததைச் சொன்னாள்.

"என் குரல் உங்க காதுல கேட்டுக்கிட்டே இருக்கும். ஆனா நீங்க பாக்க வேண்டியது குடையை. குடை போற பக்கம் வாங்க. குடையை விட்டுக் கண்ணை எடுக்காதீங்க."

பெரிய தேவாலயத்துக் கோபுரத்தில் ஏறி நின்றபோது வாடைக்காற்று எழுந்தது. ஜெனீவாக்காரர்களுக்கு அதன் குணம் தெரியும். ஏரியின் நீளம் முழுக்க ஓடி வந்து, அலையைக் கரைமேல் தூக்கியடித்து, பட்ட இடத்திலேயே அதைப் பனிக்கட்டியாக்கிவிடும். கீழே ஏரி ஈயம் பூசிய பாத்திரத்தின் அடியைப்போல் மங்கிக் கிடந்தது. வானளாவ எழும்பும் நீரூற்றைக் காற்றுக்குப் பயந்து நிறுத்தியிருந்தார்கள். கம்பி வேலியில் காற்று விசிலடித்தது; அந்த விசிலுக்குள் வேறொரு மூச்சும் இருப்பதுபோல் லிலியானுக்குப் பட்டது.

ஒதில் அருகே வந்தாள். "நடுவுல ஒரு அம்மா பேசுறாங்களே, அவங்க யாரு?"

"யாரும் பேச முடியாதுங்க. மைக் என்கிட்ட மட்டும்தான். உங்க கருவியில கேக்கத்தான் முடியும்."

"இல்லையே. 'இன்னும் நிக்கணுமா'ன்னு கேட்டாங்க." ஒதில் காதைத் தொட்டுக்கொண்டாள். "பாவம், ரொம்ப மரியாதையா கேட்டாங்க."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். லிலியானின் நெஞ்சு குறுகுறுக்கவில்லை, அப்படியே நின்றுபோனது. அந்த மரியாதை யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

போன ஜனவரியில், இதேபோல ஒரு வாடை நாளில், ருத் ஆம்ஸ்லர் என்றொரு விதவை அவள் கூட்டத்தோடு வந்திருந்தார். முழங்கால் வலிக்காரர். ஒவ்வொரு இடத்திலும் பின்தங்கி, ஒவ்வொரு இடத்திலும் மன்னிப்புக் கேட்டு, லிலியானின் பொறுமையைத் தேய்த்துவிட்டார். பழைய குளியல்துறையிலிருந்து ஏரிக்குள் நீளும் கல்லணையில், கடைசியில் நிற்கிற வெள்ளைக் கலங்கரை விளக்கைப் பார்க்க ஆசைப்பட்டார். மற்றவர்களுக்குப் பசி; பாதி வழியில் சாப்பாட்டுக்கடையாக ஒரு மரக்கொட்டகை இருந்தது. "நீங்க நிதானமா பாருங்க மேடம். விளக்கடியிலேயே நில்லுங்க. நான் வந்து குடையைத் தூக்கிக் காட்டுறேன். குடையைப் பாக்கிற வரைக்கும் அசையாதீங்க, அலை அடிக்குது" என்று சொல்லிவிட்டு லிலியான் உள்ளே போனாள். உள்ளே அனல், ஒயின், உருகிக் கொதிக்கிற சீஸ் சட்டி. யாரோ அந்த அம்மாவைப் பற்றிக் கேட்டார்கள். "அவங்களா? நிக்கட்டும். நிக்கச் சொன்னா விடியிற வரைக்கும் நிப்பாங்க, மரம் மாதிரி" என்றாள் லிலியான். கொட்டகை குலுங்கச் சிரித்தது. அவள் சட்டையில் மைக் அணைக்கப்படாமல் இருந்தது. அத்தனையும் ருத் அம்மாவின் காதில் விழுந்துகொண்டிருந்தது.

பிறகு ஒரு தடவை கதவைத் திறந்து பார்க்கத்தான் செய்தாள். அலை கல்லணையைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தது. கதவைச் சாத்திவிட்டாள். பிறகு மற்றவர்களை மட்டும் கூட்டிக்கொண்டு கரைக்குப் போனாள்.

காலையில் கண்டெடுத்தார்கள். விளக்கின் பின்பக்கம், கைப்பிடிக் கம்பியோடு கம்பியாக உறைந்து, நின்றபடியே. ஒரு கை காதின் மேல். விசாரித்தவர்களிடம் லிலியான் சொன்னது இதுதான்: "சொன்ன பேச்சைக் கேக்காம தனியா போயிட்டாங்க." சொன்ன பேச்சைக் கேட்டதைத் தவிர அந்த அம்மா வேறொரு தப்பும் செய்யவில்லை.

அதற்குப் பிறகு லிலியான் அந்தக் கல்லணையில் கால் வைக்கவில்லை. ஆனால் இன்றைக்குப் பாட்டுக்குழு அங்கேதான் சாப்பாட்டுக்குச் சொல்லி வைத்திருந்தது. வேறு கடை பார்க்கலாமா என்று சுற்றி வளைத்துக் கேட்டாள். கெல்லர் விடவில்லை. "ஜெனீவாவுக்கு வந்து அங்க சீஸ் சாப்பிடாமப் போனா ஊர்ல என்னைக் கல்லால அடிப்பாங்கம்மா!"

வெளிச்சம் வடிகிற நேரத்தில் கொட்டகைக்குள் நுழைந்தார்கள். சீஸும் வெள்ளைப்பூண்டும் ஈரக் கம்பளியும் கலந்த அதே நெடி. ரொட்டித் துண்டைச் சட்டியில் தவறவிட்டவர் எல்லாருக்கும் ஒயின் வாங்க வேண்டும் என்ற வழக்கத்தைச் சொல்லி முடிப்பதற்குள் கெல்லர் தவறவிட்டார்.

"மூழ்கிடுச்சு! போச்சு!"

"தேடாதீங்க, விடுங்க" என்றாள் ஒதில். "காதுல இந்த அம்மா பேசுறது நிக்கவே மாட்டேங்குது. குளிருதுன்னு சொல்றாங்க. யாராச்சும் போய்ப் பாருங்களேன்."

மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள். எல்லார் காதிலும் கருவி இருந்தது. ஒருவரும் அதைக் கழற்றியிருக்கவில்லை.

"கழற்றி வைங்க. தயவுசெஞ்சு எல்லாரும் கழற்றி வைங்க" என்றாள் லிலியான்.

"ஏம்மா? பாவம், அவங்க பேசிக்கிட்டிருக்காங்கல்ல" என்றார் கெல்லர். அவர் குரலில் கேலி இல்லை.

இவர்களையாவது பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அது ஒன்றுதான் லிலியானின் மனதில் ஓடியது. உப்பைத் தின்றவள் அவள். தண்ணீர் குடிக்க வேண்டியவளும் அவள்தான். பெட்டியின் ஓரத்தில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்த கருவியை எடுத்தாள். குடையை எடுத்தாள். "நான் வர்ற வரைக்கும் யாரும் வெளியே வரக் கூடாது" என்றாள். கதவைத் திறந்தாள்.

வாடை முகத்தில் அறைந்தது. கல்லணை முழுக்கக் கண்ணாடிபோல் பனிக்கட்டி. கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு, அலை விழுந்து ஓய்கிற இடைவெளிகளில் மட்டும் அடியெடுத்து, தன் மூச்சும் அலையும் தவிர வேறொன்றும் கேட்காமல், விளக்கின் பின்பக்கம் போய்ச் சேர்ந்தாள். அங்கே யாரும் இல்லை. ஈரக் கருவியைக் காதில் மாட்டினாள். குளிர் காதுக்குள் ஊசியாய் இறங்கியது.

"இன்னும் நிக்கணுமா?"

குடையைத் தூக்கினாள். "வேண்டாம் மேடம். போதும். நீங்க சொன்னபடிதான் நின்னீங்க. நான்தான் பொய் சொன்னேன். நான் பாத்தேன், பாத்துட்டுக் கதவைச் சாத்தினேன். வாங்க. போகலாம். குடை இதோ."

காற்று நின்றது. அலையும் நின்றது.

யாரோ மரியாதையாக வாங்கிக்கொள்வதுபோல், குடை அவள் கையைவிட்டுப் போனது.

சிவப்பு. இருட்டில் சிவப்பு. ஆள் உயரத்துக்கு மேலே. கல்லணை வழியே மெல்ல, முழங்கால் வலிக்கிறவர்களின் நடையில் ஆடி ஆடி, கொட்டகையை நோக்கிப் போனது.

பின்னால் போகக் காலைத் தூக்கினாள். கால் வரவில்லை. காலணியின் மேல் பனிக்கட்டி ஏறியிருந்தது. கம்பியில் இருந்த கையும் வரவில்லை.

காதில் குரல் மாறியது. அது அவள் குரல். "குடை போற பக்கம் வாங்க."

கொட்டகைக் கதவு திறந்தது. வெளிச்சம் பனிக்கட்டியில் நீண்டது. ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். குல்லாய் இல்லை. கோட்டு இல்லை. காதில் கருவி. தலை நிமிர்ந்து, வரிசையாக.

குடை திரும்பியது. கைப்பிடிக் கம்பி இல்லாத பக்கம். ஏரிக்குள் இறங்கும் படிகளுக்கு அப்பால், தண்ணீரின் மேல்.

"நில்லுங்க!" கத்தினாள். "போகாதீங்க! ஒதில்!"

அவள் சட்டையிலிருந்த மைக்கின் பச்சை விளக்கு அணைந்திருந்தது. அவள் குரல் மட்டும் அவர்கள் காதுகளில் இதமாகப் பேசிக்கொண்டேயிருந்தது. "குடையை விட்டுக் கண்ணை எடுக்காதீங்க."

நடுவில் யாரோ அவளைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். அவள் குரலே பதிலும் சொன்னது.

"அவங்களா? நிக்கட்டும்."

வரிசை முழுதும் சிரித்தது. ஏரியின் மேல் சிவப்புக் குடை அசையாமல் காத்திருந்தது. முசியே கெல்லர் முதல் ஆளாக, சிரித்த முகம் மாறாமல், கடைசிப் படிக்கு அப்பால் காலை வைத்தார். மற்றவர்கள் அவர் பின்னால் தங்கள் முறைக்காகப் பொறுமையாக நின்றார்கள்.