உள்ளே கை இருக்கிறது

கத்திக்கு அடியில் எந்தக் கையும் இல்லை. ஆனாலும் கட்டிங் மெஷினின் சிவப்பு விளக்கு, உள்ளே கை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு அசையாமல் எரிந்தது.

ஞாயிறு மதியம், ஆட்களுக்கு விடுமுறை. பாதி இறக்கிய ஷட்டருக்கு வெளியே வெயில் காய, உள்ளே டோனர் சூடும் லேமினேஷன் பசையும் கலந்த பழகிய வாடையில், டிஜிட்டல் மெஷின் அடித்துத் தள்ளிய புத்தக அட்டைகளை அடுக்கி வைத்துவிட்டு அச்சக முதலாளி தனியாக நின்றார். மூன்று பக்கமும் சீவினால் வேலை முடிந்துவிடும். சென்சார் கண்ணாடியைத் துடைத்தார். தூசியை ஊதினார். அட்டைக் கட்டையே வெளியே எடுத்துப் பார்த்தார். விளக்கு அணையவில்லை.

இதை வாங்கும்போதே மச்சினன் தலைபாடாய் அடித்துக்கொண்டான். "செகண்ட் ஹேண்டு வேணாம் மாமா. சென்சார் முரண்டு பிடிக்குது பாருங்க." கத்தியின் அகலத்தில் மயங்கியிருந்தவர் காதில் அது ஏறவில்லை. வந்த நாளிலிருந்து பத்து வெட்டுக்கு ஒரு தடவை மெஷின் நின்றது. வேலை குவிந்த ஒரு நாள் அவரே ஒரு துண்டு ஒயரைப் போட்டு சென்சாரின் வாயை அடைத்தார். அதன்பிறகு மச்சினன் அட்டைகளைத் தட்டிச் சீராக்க, இவர் கத்தியை இறக்கும் இரண்டு பட்டனையும் இரண்டு கையாலும் சேர்த்து அழுத்த, வேலை பறந்தது. நான்கு மாதத்துக்கு முன்பு, அவன் கையை எடுப்பதற்குள் அழுத்திவிட்டார். இடது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

அடிபட்ட அதிர்ச்சியில் அவனுக்கு எதுவும் நினைவில்லை என்று தெரிந்ததும், விசாரிக்க வந்தவர்களிடம் வாய் கூசாமல் சொன்னார். "ஒயர் போட்டது அவன்தாங்க. ஒரு பட்டனையும் டேப் ஒட்டி அமுக்கி வெச்சிருக்கான். நான் கவுண்டர்ல இருந்தேன்." மனைவியிடமும் அதே கதைதான். அவள் தம்பியைத்தான் திட்டினாள். அவனும் தலையைக் குனிந்துகொண்டு, "நான்தான் போட்டிருப்பேன்க்கா" என்றான். அன்றிலிருந்து அவன் முகத்தைப் பார்த்து ஒரு வாய் சாப்பிட இவரால் முடியவில்லை.

மெக்கானிக்கைப் போனில் பிடித்தார்.

"எந்த ஒளிக்கதிர் தடைபடுதுன்னு டிஸ்பிளேல காட்டும். பாருங்க."

"அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு."

"மத்ததெல்லாம் சரியா இருக்கா? அப்போ சென்சார்ல கோளாறு இல்லைங்க. நாலு விரல் அகலத்துக்கு ஏதோ உள்ள கெடக்குது." அவன் கொஞ்சம் இழுத்தான். "அவசரம்னா பழையபடி ஒயரைப் போட்டுக்குங்க. உங்களுக்குத் தெரியாததா."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் முதலாளி போனை வைத்தார். ஆனாலும் விசாரணைக்கு முன்பு கழற்றி ஒளித்த ஒயரைத் தேடி எடுத்தார், போட்டார். விளக்கு அணைந்தது. அட்டைக் கட்டைத் திரும்ப உள்ளே வைத்துப் பெடலை மிதித்தார். காகிதத்தை அமுக்கிப் பிடிக்கும் இரும்புப் பட்டை மெல்ல இறங்கி, அட்டையைத் தொடுவதற்கு ஒரு விரற்கடை முன்பே எதன் மீதோ மெத்தென்று உட்கார்ந்தது.

போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, தம்பி துடிக்கிறான். இல்லாத விரல் வலிக்குதாம். யாரோ மேல ஏறி மிதிக்கிற மாதிரி இருக்காம்."

பெடலிலிருந்து காலை எடுத்தார். பட்டை மேலே போனது.

"இரு... இப்ப விட்டுடுச்சுங்கறான்."

தற்செயலாகத்தான் இருக்கும். தற்செயல்தான். ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்கே அவர் வெட்கப்பட்டார். வெட்கத்தோடேயே மிதித்தார்.

போனுக்குள் மச்சினன் அலறினான்.

காலை எடுத்தார். பட்டை மேலே போகவில்லை.

அந்தப் பக்கம் போன் கை மாறியது. மூச்சு வாங்கியது. "மாமா. மெஷின்கிட்ட நிக்கிறது நீங்கதானே?"

முதலாளி இடது கையை மேசை விளிம்பில் ஊன்றிக்கொண்டார்.

"இப்ப ஞாபகம் வந்துடுச்சு மாமா. கையை எடுத்துட்டுச் சொல்றேன்னுதானே சொன்னேன். அன்னிக்கு." குரலில் கோபமே இல்லை. "அக்கா பக்கத்துலதான் இருக்கு. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். நீங்களே சொல்லிடுங்க மாமா. சொன்னா விட்டுடும்னு தோணுது."

ஒரு வார்த்தை. வாயைத் திறந்தார். மனைவியின் மூச்சு கேட்டது. காத்திருந்தாள்.

"நான் பட்டனைத் தொடவே இல்லை" என்றார்.

கத்தி இறங்கியது.

பட்டனில் யாரும் கை வைக்கவில்லை. போனில் அலறல் இல்லை. ஒன்றுமே இல்லை. கத்தி ஏறியது. பட்டை ஏறியது. ரத்தமும் இல்லை. மேலட்டையில் நான்கு பள்ளங்கள் மட்டும், விரல் ஊன்றினால் விழுவதுபோல.

பார்த்துக்கொண்டே நின்றார். அட்டை நிமிர்ந்தது. பள்ளங்கள் மறைந்தன.

பிறகு, ஓர் அங்குலம் அவர் பக்கமாக, மறுபடி விழுந்தன. இன்னும் ஓர் அங்குலம். அட்டை முடிந்தது. மேசை விளிம்பில் இருந்த அவருடைய இடது கையின் மீது நான்கு விரல்கள் ஒவ்வொன்றாக வந்து படிந்தன. பிறகு அவர் கையைப் பிடித்து, அவசரமே இல்லாமல், கத்திக்கு அடியில் அழைத்துப் போயின.