ஐந்தாம் இதழ்

"என் தங்கச்சியைப் பல்கலைக்கழகத்தை விட்டே அனுப்பப் போறாங்க மேடம். மூணு மணிக்கு விசாரணை. நீங்கதான் ஏதாவது பண்ணணும்."

ஆய்வு மாணவர்களுக்குப் புத்தகம் தேடித் தரும் மேசைக்கு முன்னால் நின்றபடியே மூச்சிரைக்கச் சொன்னாள் அந்தப் பெண். பக்கத்துக் கல்லூரியில் விரிவுரையாளர். இதே நூலகத்தில் பழியாய்க் கிடந்து முனைவர் பட்டம் வாங்கியவள். மேசைக்குப் பின்னால் இருந்த நூலகர் அம்மாள் நாற்காலியைக் காட்டினார். எதிரே இருப்பவர் பதறப் பதற அவர் நிதானமாகிக்கொண்டே போவார். பலருக்கு அது எரிச்சல்தான்.

"என்ன சொல்றாங்க?"

"ஆய்வேட்டுல ஒரு கட்டுரையை மேற்கோள் காட்டியிருக்கா. அப்படி ஒண்ணு உலகத்துலயே இல்லையாம். இவளே இட்டுக்கட்டினதாம். எங்கடி படிச்சேன்னு கேட்டா கல்லு மாதிரி நிக்கிறா. கூடப் பிறந்த அக்கா கேட்டும் வாயைத் திறக்கல மேடம்!"

நூலகர் விசாரணைக் கடிதத்தை வாங்கிப் படித்தார். ஆற்று வண்டல் பற்றிய கட்டுரை. ஒரு காலாண்டிதழின் பன்னிரண்டாம் ஆண்டு, ஐந்தாம் இதழ். கூடவே தலைமை நூலகரின் சான்று: "இதழ் அடுக்கில் நேரில் தேடிப் பார்த்தேன். அப்படி ஒரு கட்டுரை இல்லை." தேதி, போன திங்கட்கிழமை.

பசை வாளியோடு அந்தப் பக்கம் வந்த பைண்டர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். ஐம்பது வயதாகியும் அடுத்தவர் விவகாரம் என்றால் அவருக்குக் கால் தரையில் நிற்காது.

"அடுக்குல தேடினாராமா? அந்தப் பத்திரிகை முழுசும் ரெண்டு மாசமா என் ரூம்ல கட்டிக் கிடக்கேம்மா! ஒருத்தரும் வந்து கேக்கல."

"அப்படியா?" என்று எழுந்தார் நூலகர். "வாங்க, போய்ப் பார்ப்போம். உங்க தங்கச்சியையும் வரச் சொல்லுங்க."

பைண்டிங் அறையில் பசை நெடி மூக்கைத் துளைத்தது. பைண்டர் கயிற்றை அவிழ்த்துப் பன்னிரண்டாம் ஆண்டை எடுத்துப் போட்டார். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர். நான்கே இதழ்கள். நூலகர் எல்லாவற்றையும் பக்கம் பக்கமாகப் புரட்டினார். வண்டலும் இல்லை, மண்ணும் இல்லை.

"அப்போ பொண்ணு கதைதான் விட்டிருக்கு" என்றார் பைண்டர், பாதி வருத்தமும் பாதி உற்சாகமுமாக.

"அவசரப்படாதீங்க. பொய் சொல்றவங்க மாட்டிக்கக் கூடாதுன்னு பார்ப்பாங்க. மூணாவது இதழ்னு போட்டிருந்தா யார் தேடப் போறாங்க? வருஷத்துக்கு நாலு வர்ற பத்திரிகைக்கு அஞ்சாவது இதழ்னு போட்டிருக்கு. தேடிப் போனவங்க கண்டுபிடிக்கணும்னே வச்ச பொய் இது."

"அப்படி யாரும்மா பொய் சொல்வாங்க?"

"வாத்தியார்."

பைண்டர் கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டுவிட்டார்.

அப்போது தங்கை வந்து கதவோரம் நின்றாள். அழுது ஓய்ந்த முகம். நூலகர் அவளிடம் மெதுவாகக் கேட்டார். "நீ இதை நேர்ல பார்க்கல. யாரோ எழுதினதைப் பார்த்து எழுதியிருக்கே. உனக்கு வேண்டாதவங்கன்னா அவங்க பேரை எப்பவோ சொல்லியிருப்பே. இல்லையா?"

அவள் பார்வை ஒரே ஒரு கணம் அக்காவிடம் போய்த் திரும்பியது. நூலகர் வேறெதுவும் கேட்காமல் ஆய்வேடுகள் இருக்கும் அறைக்குப் போனார். திரும்பி வரும்போது அவர் கையில் இருந்தது அக்காவின் ஆய்வேடு. கடைசிப் பக்கங்களில், அதே வண்டல் கட்டுரையைக் குறித்திருந்த வரியில் விரல் வைத்து நீட்டினார்.

அக்கா படித்தாள். மறுபடி படித்தாள்.

"ஐயோ… இது வகுப்புல கொடுத்த தாள்ல இருந்தது மேடம். புத்தகம் தேடுறது எப்படின்னு நம்ம தலைமை நூலகர்தான் எங்களுக்குப் பாடம் எடுத்தார். பத்துக் கட்டுரை கொடுத்து, போய்த் தேடிட்டு வாங்கன்னார். ஒன்பது கிடைச்சுது. பத்தாவதைக் கடைசி வகுப்புல கேட்டுக்கலாம்னு இருந்தேன். அவருக்கு ஆபரேஷன்னு சொல்லிட்டாங்க, அந்த வகுப்பு நடக்கவே இல்ல. அவர் கொடுத்தது தப்பா இருக்குமான்னு அப்படியே எழுதிட்டேன்."

மணி இரண்டேகால். நால்வரும் தலைமை நூலகரின் அறைக்குப் போனார்கள். மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறவர். புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அக்காவின் ஆய்வேட்டைக் கண்டதும் கை நின்றுவிட்டது.

"வருஷா வருஷம் ஒண்ணு பொய்யா வைப்பேன்" என்றார் அவர். "கண்ணால பார்க்காததை எழுதாதீங்கன்னு கடைசி வகுப்புல உடைச்சுச் சொல்வேன். அந்த வருஷம் மட்டும் சொல்லல. உடம்பு தேறி வந்தப்போ எல்லாரும் போயிட்டாங்க. தேடினா தெரிஞ்சுடுமேன்னு விட்டுட்டேன்."

"போன திங்கட்கிழமை இவ ஆய்வேட்டுல அந்த வரியைப் பார்த்ததுமே உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுது. அந்த வகுப்புல இருபத்திரெண்டு பேரு. இன்னும் எத்தனை ஆய்வேட்டுல இது உக்காந்திருக்கோ. போற நேரத்துல இந்த அவமானம் எதுக்குன்னு…"

நூலகருக்குக் கோபம் வந்தது. குரல் மட்டும் உயரவில்லை. "இந்தப் பொண்ணு பார்க்காமலே இருக்குன்னு எழுதினா. நீங்க பார்க்காமலே இல்லைன்னு எழுதிக் கொடுத்தீங்க. அவ படிப்பு போகப் போகுது. உங்களுக்கு மாலை போடப் போறாங்க."

தலைமை நூலகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொண்டார். "நான் வந்து சொல்றேன்" என்றார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

மூன்றடிக்க ஐந்து நிமிடம். விசாரணை அறையின் வாசலில் அக்கா தன் ஆய்வேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். தலைமை நூலகர் இன்னும் வரவில்லை. தங்கை ஆய்வேட்டைப் பிடுங்கப் பார்த்தாள்.

"உனக்கென்ன பைத்தியமா? இதைக் காட்டினா உன் பட்டத்தைக் கிளறுவாங்க. வேலையும் போகும். உன்னைக் காப்பாத்தத்தானேக்கா நான் வாயை மூடிட்டு இருந்தேன்!"

"தெரியும்டி."

"அப்புறம் என்ன? ஒரே ஒரு வரிதானே!"

"அந்தக் கட்டுரையை நீ ஏன் போய்த் தேடல?"

தங்கை உடைந்துபோய் அழுதாள். "நீ எழுதியிருந்தியே. அப்புறம் எதுக்குத் தேடணும்?"

அக்கா அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு, யாரும் கூப்பிடுவதற்கு முன்பே, கதவைத் தட்டினாள்.