நான்காவது அறையின் கதவு

வீட்டில் இருந்தது மூன்றே அறைகள். ஃபைலில் நான்கு இருந்தன.

விளக்கையும் கதவையும் கணினியே பார்த்துக்கொள்ளும் வீடுகளுக்கு நிரல் எழுதுவது அவள் வேலை. வீட்டின் அமைப்பை ஒரு ஃபைலில் எழுதி வைத்து, அதையே திரும்பப் படித்து வீட்டை இம்மியும் பிசகாமல் மீட்க வேண்டும். சோதனைக்குத் தன் வீட்டையே கொடுத்துத் தொலைத்திருந்தாள். ஒவ்வோர் அறைக்கும் கதவு என்ன நிலையில் இருக்கிறது, உள்ளே எத்தனை ஆட்கள் என்ற இரண்டும் கட்டாயம். ஒன்று குறைந்தாலும் நிரல் முகத்திலடித்தாற்போல் மறுத்துவிடும். நான்காவது அறைக்குக் கதவே இல்லை. ஆட்கள், ஒன்று.

அழித்தாள். மறுபடி எழுதச் சொன்னதும் அது மறுபடி வந்து நின்றது. மதிய வெயில் மேசைவரை விழுந்திருந்தும், பல காலம் பூட்டிக் கிடந்த இடத்தின் ஈரவாடை எங்கிருந்தோ கசிந்து வந்து மூக்கில் ஒட்டிக்கொண்டது. பக்கத்து அறையில் ஐந்து வயது மகள் காய்ச்சலில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஸ்பீக்கரில் போட்டிருந்த போனில் டீம் லீட் சிடுசிடுத்தார்.

“ஏம்மா, நாலு மணிக்குக் கொடுக்கணும். இன்னும் லோடு ஆகலையா?”

“கதவு இல்லாத அறை ஒண்ணு வருது சார். எடுத்துக்க மாட்டேங்குது.”

“இல்லன்னா நீங்களே ஏதாவது ஒண்ணைப் போட்டு விடுங்க. அப்புறம் பாத்துக்கலாம்.”

அவளுக்கும் அலுத்துவிட்டது. கதவைப் பற்றித் தகவல் இல்லாவிட்டால் ‘திறந்திருக்கிறது’ என்று கொள்ளும்படி ஒரே ஒரு வரி சேர்த்தாள். நிரல் வாயை மூடிக்கொண்டு ஃபைலை விழுங்கியது.

அறைக்கு வெளியே நடையில் ஏதோ கதவின் கீல் முனகியது. குளிர்ந்த காற்று கணுக்காலைத் தடவிக்கொண்டு போனது. சரிபார்க்க ஃபைலை இன்னொரு முறை எழுதச் சொன்னாள்.

மகளின் அறை. ஆட்கள், பூஜ்யம்.

நான்காவது அறை. ஆட்கள், இரண்டு.

மகளின் அறைக்கு ஓடினாள். கட்டில் காலி. போர்வையில் இன்னும் காய்ச்சல் சூடு. வெளியே நடையில், வெறும் சுவராக இருந்த இடத்தில் ஒரு வாசல். உள்ளே இருட்டு.

“அம்மா, இவங்க என் கையை விட மாட்டேங்குறாங்க.”

கையை உள்ளே நீட்டித் துழாவினாள். சின்ன விரல்கள் தட்டுப்பட்டன. பிடித்தாள். அந்தப் பக்கத்திலிருந்தும் ஏதோ இழுத்தது.

“வந்துடுடா செல்லம். அம்மா பிடிச்சிருக்கேன்.”

மேசையிலிருந்து லீடின் குரல் வந்தது. “வீட்டுல மூணுதானேம்மா இருக்கு? உங்க ஃபைலை இங்கேருந்தே திறந்து அந்த நாலாவதைத் தூக்கிட்டேன். இப்ப லோடு பண்றேன்.”

“சார், வேண்டாம் சார், கொஞ்சம் பொறுங்க...”

கை வழுக்கியது.

சுவர். வழவழப்பான, கீறல்கூட இல்லாத சுவர். அவள் அதில் காதை வைத்தாள். அந்தப் பக்கம், இடுப்பு உயரத்தில் சின்ன உள்ளங்கை படபடவென்று தட்டிக்கொண்டிருந்தது. அவள் தலைக்கு மேலே, கூரையை ஒட்டி, இன்னொரு கை நிதானமாகத் தட்டியது.