மைக்குக்கு மட்டும் கேட்ட குரல்

ஜப்பானில், அய்சு மலைப்பக்கத்தில் இருந்த அந்தப் பழைய பள்ளிக்கூடத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். படிக்கப் பிள்ளைகள் இல்லாமல் மூடிவிட்ட பள்ளி. வாசலில் கிங்கோ மரம் இலையெல்லாம் கொட்டி, தரையே மஞ்சளாகக் கிடந்தது. எங்கிருந்தோ வைக்கோல் எரிக்கும் வாசனை வந்தது.

சாவி எதிர்க்கடை ஷிசுவே அம்மாவிடம் இருந்தது. ஒரு கையில் சாவியும் மறு கையில் ஒரு பை பெர்சிமன் பழமுமாக வந்தார்.

"இலை உதிர ஆரம்பிச்சா ரேடியோவுல உங்க பாட்டுதான் தம்பி. ஒரே பாட்டை எத்தனை வருஷம்தான் கேக்கறது? இந்தத் தடவையாவது புதுசா ஒண்ணு போடுங்க."

"அதுக்குத்தாம்மா வந்திருக்கோம்" என்று சிரித்தாள் சிகுசா. சிரிப்பிலேயே குரல் கரகரத்தது.

எங்கள் குழுவில் மூன்று பேர். பாட்டு எழுதி கிட்டார் வாசிப்பவன் மித்சுரு. பாடுபவள் அவன் மனைவி சிகுசா. டிரம்ஸ் நான், இசாவோ. சிகுசாவின் தொண்டையில் கட்டி ஒன்று வளர்ந்திருந்தது. மறு வாரம் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு குரல் இதே மாதிரி இருக்கும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அதற்குள் இந்த இலையுதிர்காலப் பாட்டை அவள் குரலில் பதிவு செய்துவிட வேண்டும். அதற்காகத்தான் அவ்வளவு தூரம் வந்தோம்.

தாழ்வாரத்தின் கடைசியில் இருந்த இசையறையை எடுத்துக்கொண்டோம். மரத்தரை, பேசினாலே குரல் உருண்டு வந்தது. முதல் நாள் கிட்டாரும் டிரம்ஸும் முடிந்தன. மறுநாள் காலை, குரல் மட்டும்.

சிகுசா மைக் முன்னால் நின்றாள். மித்சுரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். சத்தம் போடுகிறது என்று குளிருக்கு வைத்திருந்த மண்ணெண்ணெய் அடுப்பை அணைத்துவிட்டோம். நான் ஜன்னல் ஓரம் விரலை ஊதிக்கொண்டு நின்றேன்.

அவள் அருமையாகப் பாடினாள். முடிந்ததும் மித்சுரு என்னைப் பார்த்து முறைத்தான்.

"டேய், நீ எதுக்குடா கூடவே முணுமுணுக்கிற?"

"நானா? நான் மூச்சுகூட விடல."

ஹெட்போனை என் காதில் வைத்தான். சிகுசாவின் குரலுக்குப் பின்னால், தூரத்தில், இன்னொரு பெண் குரல். தாழ்ந்த சுருதியில் கூடவே வந்தது.

வயரை மாற்றினோம். மைக்கை மாற்றினோம். செல்போன்களை வேனில் கொண்டுபோய் வைத்தேன். திரும்பப் பாடினாள். திரும்பவும் அந்தக் குரல். அறையில் எங்கள் காதுக்குக் கேட்காதது மைக்குக்கு மட்டும் கேட்டது.

மதியம் வரை இதே கூத்து. ஒவ்வொரு தடவையும் மித்சுரு மேஜையைக் குத்துவான், "இன்னொரு தடவை" என்பான். சிகுசா வெந்நீர் குடித்துவிட்டுத் திரும்ப நிற்பாள். அவள் குரல் தேய்ந்துகொண்டே போனது. எனக்குப் பொறுக்கவில்லை.

"போதும்டா. அவ தொண்டை என்னத்துக்கு ஆகும்? வேற இடம் பாக்கலாம்."

"வேற இடம் தேட எங்கடா நாள் இருக்கு? அடுத்த வாரம் இவளுக்கு இந்தக் குரலும் இருக்காது!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. சிகுசா அவனைப் பார்க்கவே இல்லை.

"சண்டைய அப்புறம் வெச்சுக்கோங்க" என்றாள். "நான் பாடறேன். இதையும் விட்டுட்டு வெறுங்கையோட ஊருக்குப் போக என்னால முடியாது."

நான் ஹெட்போனை வாங்கிக் காலையிலிருந்து பதிவானதை வரிசையாகக் கேட்டேன். அப்போதுதான் கவனித்தேன்.

அந்தக் குரல் ஒரே இடத்தில் நிற்கவில்லை.

முதல் பதிவில் அது தாழ்வாரத்தின் மறுகோடியில் இருந்தது. அடுத்ததில் இசையறை வாசலில். கடைசியாகப் பாடியதில் சிகுசாவின் முதுகுக்குப் பின்னால்.

மூச்சு இழுக்கும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது.

"மித்சுரு" என்றேன், மெதுவாக. "இது வயர் கோளாறு இல்ல."

அவன் ஹெட்போனைப் பிடுங்கிக்கொண்டான்.

சாய்வெயில் மரத்தரையில் நீண்டு கிடந்தது. சிகுசா பாட ஆரம்பித்தாள். மித்சுரு கண்ணை மூடிக்கொண்டான். 'நீ வருவதற்குள் இருட்டிவிட்டால்' என்ற வரி வந்தது.

அந்த வரியில் அவள் குரல் நின்றது.

வாய் அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் வரவில்லை.

ஓடிப்போய் அவளைப் பிடிக்க வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் என் கண் மித்சுருவிடம் போய்விட்டது.

அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

கண்ணை மூடியபடி, தலையை ஆட்டி ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தான். அறை முழுக்க அமைதி. அவன் ஹெட்போனுக்குள் மட்டும் பாட்டு நடந்துகொண்டிருந்தது.

"இதுதான்! இதுதான்டி எனக்கு வேணும்!" என்று துள்ளி எழுந்தான். கண்ணைத் திறந்தான். சிகுசா தொண்டையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். எங்கிருந்தோ பழைய ஈரத்துணி வாடை குப்பென்று அடித்தது.

பதிவைப் போட்டோம். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே குரல். அது சிகுசாவுடையது இல்லை. காலையில் எடுத்ததையெல்லாம் போட்டுப் பார்த்தோம். அவற்றிலும் சிகுசா இல்லை.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கட்டி போய்விட்டது, குரல்நாண் சுத்தமாக இருக்கிறது என்றார்கள். ஆனால் சிகுசாவிடமிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினார்கள். எல்லா டாக்டர்களும் கையை விரித்தார்கள். அந்தப் பதிவுகளை மித்சுரு ஒன்றுவிடாமல் அழித்தான். அவள் எதிரில் உட்கார்ந்து அவன் அழுவதை நானே பார்த்திருக்கிறேன். அவள் அவன் தலையைத் தடவிக் கொடுப்பாள். சில நாள் சட்டென்று கையை எடுத்துவிடுவாள்.

அடுத்த இலையுதிர்காலத்தில் ஷிசுவே அம்மா மித்சுருவுக்குப் போன் செய்தார்.

"ஏன் தம்பி, வந்தா கடைக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? சாயங்காலமானா உங்க வீட்டுக்காரம்மா பாடறது எங்க கடை வரைக்கும் கேக்குது. நல்லாத்தான் பாடறாங்க. ஒரே இடத்துல வந்து நிறுத்திடறாங்களே, ஏன்?"

மித்சுரு அன்றே மைக்கைத் தூக்கிக்கொண்டு அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினான். பிறகு அந்தப் பருவம் முழுக்க ஓடினான். காதால் கேட்டான், சிகுசாவின் குரல்தான், பழையபடி, முழுசாக. ஆனால் ஒரு தடவைகூடப் பதிவாகவில்லை. எந்த மைக் வைத்தாலும் காற்றுச் சத்தம்தான். கதவைத் திறந்தால் பாட்டு நின்றுவிடும். உள்ளே யாரும் இல்லை. ஒரு முறை ஆத்திரத்தில் மைக்கைச் சுவரில் அடித்து உடைத்துவிட்டு எனக்குப் போன் செய்தான்.

"காதுக்கு எட்டுதுடா, கைக்கு எட்ட மாட்டேங்குது."

கடைசியில் சிகுசா வேனில் ஏறி உட்கார்ந்தாள். இறங்கச் சொன்னோம், மறுத்துவிட்டாள். நானும் கூடப் போனேன்.

தாழ்வாரத்தில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. இசையறைக் கதவு மூடியிருந்தது. உள்ளே அவள் குரல் பாடிக்கொண்டிருந்தது. என் பக்கத்தில் நின்று சிகுசா தன் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். உதடு தானாக அசைந்தது.

'நீ வருவதற்குள் இருட்டிவிட்டால்...'

பாட்டு நின்றது.

நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டோம்.

"வெளிய யாரோ நிக்கிற மாதிரி இருக்கே?" என்றது சிகுசாவின் குரல், கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

மித்சுரு வாயைத் திறந்தான். சிகுசா அவன் வாயைப் பொத்தினாள்.

உள்ளே, தாழ்ந்த சுருதியில், இன்னொரு குரல் பதில் சொன்னது.

"யாருமில்ல. நீ பாடு."