நாலு மணித் துடிப்பு

தொட்டியில் வளர்ந்துகொண்டிருந்த இதழடைப்பான்களுக்கு, அதாவது இதய வால்வுகளுக்கு, குணவதியின் நெஞ்சுதான் பள்ளிக்கூடம். அவள் மார்பில் ஒட்டியிருந்த வில்லை துடிப்பை அனுப்ப, துடிப்புத்தொட்டி அதே வேகத்தில் உப்புநீரைத் தள்ளும். உயிர்த்திசுவாலான அந்தக் குட்டி இதழ்கள் அதற்கேற்பத் திறந்து மூடிப் பழகும். இயந்திரத் துடிப்பில் வளர்ந்தவை, ஆள் மாடிப்படி ஏறினாலே திணறின. இவளிடம் படித்தவையோ நோயாளியின் நெஞ்சில் பொருத்தியதும் சொந்த வீடு மாதிரி குடியேறிவிட்டன. கோவை ஆய்வுக்கூடத்துக்கு ஒரே பெருமை.

அந்தப் பெருமைக்கு நடுவில்தான் இயக்குநர் தேவசகாயம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க குணவதி, நம்ம வால்வு வெச்சவங்க எல்லாரும் சாயங்காலம் நாலு மணியானா எந்திரிச்சு ஓடறாங்களாமே. காலு பரபரங்குதாம். காரணம் தெரியலீன்னா இப்பத் தொட்டியில இருக்கற தொகுதியையே நிறுத்தோணும்."

குணவதிக்குப் பகீரென்றது. நாளை அவளுடைய அண்ணன் வேலுச்சாமிக்குப் பொருத்தவேண்டிய அடைப்பான் அந்தத் தொகுதியில்தான் இருந்தது. கட்டிலிலிருந்து வாசல்வரை நடக்கவே அவருக்கு மூச்சு வாங்கியது. காரணம் அவளுக்குத் தெரியும், சொல்லத்தான் வெட்கம்.

"நாலு மணிக்கு கேட்டுல பஜ்ஜி வண்டி வருமுங்க. வாழைக்கா பஜ்ஜி சீக்கிரம் தீந்துரும்னு மூணு மாடியும் ஓடி எறங்குவேன்."

"வில்லையோடயா?"

"கழட்டி மாட்ட நேரமேதுங்க."

தேவசகாயம் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. ஓடுவது நெஞ்சுக்கு நல்லதுதானே? தொகுதி தப்பியது. ஆனால் ஒன்று சொன்னார்: "உங்க நெஞ்சு கெட்டா ஊரு நெஞ்சே கெடும். ஓடுங்க, பஜ்ஜி மட்டும் வேண்டாம்."

விஷயம் எப்படியோ வெளியே கசிந்தது. நாலு மணிக்கு ஓடுகிறவர்களுக்கு இப்போது எங்கே ஓடுவது என்பது தெரிந்துவிட்டது.

அண்ணனுக்கு அறுவைச் சிகிச்சை முடிந்து சில வாரங்கள் ஆகியிருக்கும். குணவதி வழக்கம்போல் ஓடி இறங்கினாள், கையில் வெள்ளரிக்காய். வண்டியைச் சுற்றி ஒரே கூட்டம். முன்னால் வேலுச்சாமி, கையில் கடைசி வாழைக்காய் பஜ்ஜி.

"வா குணா. வீட்டுல இருந்து நடந்தே வந்தேன். டாக்டரு ஒண்ணு தின்னலாம்னுட்டாரு."

"நல்லா தின்னுங்ண்ணா."

சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது, அத்தனை சந்தோஷம். அவர் ஒரு கடி கடித்தார். எண்ணெய் மணம் மூக்கில் ஏறியது. அவள் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது.

மேலே தொட்டியில் புதுத் தொகுதியின் இதழ்கள் அத்தனையும் ஒருசேர விரிந்தன. பஜ்ஜி தின்னாமலே அதற்கு ஏங்குவது எப்படி என்பது அன்றைய பாடம்.